பஃபெட் ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கிற 100 டாலர் முதலீடு



வாரன் பஃபெட் பேரை எடுத்தாலே கோகோ கோலா ஷேர், கூட்டு வட்டி, பொறுமை, இந்த மூணும்தான் ஞாபகத்துக்கு வரும். நம்ம சேனல்லயும் அதைப் பத்தி நிறைய பேசியாச்சு. இன்னைக்கு அவர் போட்ட வேற ஒரு முதலீட்டைப் பார்க்கலாம். தொகை 100 டாலர். வாங்கினது ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பு.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல ஒமாஹா நகரம். அங்க அவரோட ஆபீஸ் சுவத்துல டேல் கார்னகி பயிற்சியை முடிச்சதுக்கான சான்றிதழ் மாட்டியிருக்கு. 1952 ஜனவரியில கொடுத்தது. அவர் பட்டம் வாங்கினது நெப்ராஸ்கா யுனிவர்சிட்டியிலயும் நியூயார்க்ல இருக்கிற கொலம்பியா யுனிவர்சிட்டியிலயும். அந்தப் பட்டங்களை நான் மாட்டலை, இதைத்தான் மாட்டியிருக்கேன்னு பல பேட்டிகள்ல அவரே சொல்லியிருக்கார்.

அவருக்கு இருந்தது சாதாரண கூச்சம் இல்லைங்க. நாலு பேர் முன்னாடி எழுந்து பேசணும்னு நினைச்சாலே வாந்தி வர்ற அளவுக்கு உடம்பு படுத்தும். அதனால காலேஜ்ல எந்த வகுப்புல பேச வேண்டி வராதோ அந்த வகுப்பாப் பார்த்து எடுத்துப் படிச்சார். கொலம்பியாவுல இருந்தப்போ பேப்பர்ல டேல் கார்னகி விளம்பரத்தைப் பார்த்துட்டு நேர்ல போய் 100 டாலருக்கு செக் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் பயம் பிடிச்சுக்கிச்சு. அந்த செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் போட்டுட்டார்!

1951-ல ஒமாஹாவுக்குத் திரும்பி அப்பாவோட புரோக்கர் ஆபீஸ்ல ஷேர் விக்கிற வேலைக்குச் சேர்ந்தார். வயசு 21. வாடிக்கையாளர்கிட்ட பேசினாத்தான் சம்பாத்தியம். மறுபடியும் அதே மாதிரி விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. இந்தத் தடவை பயிற்சியாளர் கையில 100 டாலரை ரொக்கமா கொடுத்தார். செக்னா நிறுத்திடுவோம், ரொக்கம்னா போய்த்தான் ஆகணும்னு தன்னைப் பத்தி அவருக்கே நல்லாத் தெரிஞ்சிருந்தது. (அந்த வகுப்பு நடந்த காலத்துலதான் தன்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி சூசிகிட்ட கேட்டாராம். அதுக்குத் தைரியம் வந்ததும் இந்த வகுப்பாலதான்னு சொல்வார்.)

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இங்கயே நிறுத்திடுவாங்க. நமக்கு உபயோகமான பகுதி இதுக்கு அடுத்து வருது. கோர்ஸ் முடிஞ்ச கையோட ஒமாஹா யுனிவர்சிட்டிக்குப் போய், ராத்திரி வகுப்புல முதலீட்டைப் பத்திப் பாடம் எடுக்கறேன்னு கேட்டு வாங்கினார். உட்கார்ந்திருந்தவங்கள்ல பல பேர் வயசுல அவரை விட ரொம்ப மூத்தவங்க. எதுக்கு அவ்வளவு அவசரம்? பேசறதை விட்டா மறுபடியும் பழைய கூட்டுக்குள்ள போயிடுவோம்னு அவருக்குத் தெரியும். 100 டாலர்ல கிடைச்சது சான்றிதழ். பயத்தைக் குறைச்சது வாராவாரம் எழுந்து நின்ன அந்த ராத்திரி வகுப்புன்னுதான் நான் சொல்வேன். எஸ்ஐபி மாதிரின்னு வச்சுக்கோங்க. ஃபோலியோ திறந்தா மட்டும் பணம் வளராது, மாசாமாசம் தவணை போகணும்.

சம்பளக்காரங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?

2009 நவம்பர்ல கொலம்பியா மாணவர்கள் முன்னாடி பஃபெட்டும் பில் கேட்ஸும் பேசினாங்க. அங்க பஃபெட் ஒரு கணக்கு சொன்னார். உங்கள்ல யாரோட வருங்கால வருமானத்துலயும் 10 சதவீதத்துக்கு இப்பவே 1 லட்சம் டாலர் தரத் தயார். பேச்சுத் திறமையை வளர்த்துக்கிட்டா உங்க மதிப்பு இன்னும் 50 சதவீதம் கூடும், அப்போ ஒன்றரை லட்சம் டாலர் தரேன்னார். அந்த 50 சதவீதம் எந்த ஆராய்ச்சியிலயும் வந்த எண் இல்லை, அவரோட அபிப்பிராயம். ஆனா வாழ்க்கை முழுக்க எதுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்னு கணக்குப் போட்டே வாழ்ந்தவரோட அபிப்பிராயம்.

நம்ம அளவுல ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வருஷச் சம்பளம் 6 லட்சம் ரூபாய்னு வச்சுக்குவோம். வருஷா வருஷம் 8 சதவீத இன்கிரிமென்ட் வந்தா 10 வருஷம் கழிச்சு அது சுமார் 12.95 லட்சம். அதே ஆளுக்கு 10 சதவீதம் வந்தா சுமார் 15.56 லட்சம். வித்தியாசம் வருஷத்துக்கு 2.6 லட்சத்துக்கு மேல. பேசக் கத்துக்கிட்டா 2 சதவீதம் நிச்சயமா கூடக் கிடைக்கும்னு நான் சொல்லலை. இன்கிரிமென்ட்ல சின்னதா ஒரு வித்தியாசம் வந்தாலே அது எவ்வளவு தூரம் போகும்னு காட்டத்தான் இந்தக் கணக்கு. மியூச்சுவல் ஃபண்ட்ல அரை சதவீத எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்காக டைரக்ட் பிளானா ரெகுலர் பிளானான்னு மூணு நாள் யோசிக்கிறோம். வருமானம் வர்ற இடத்துல இருக்கிற ஓட்டையை யோசிக்கிறோமா?

அந்த ஓட்டை எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை காலை மீட்டிங். மேனேஜர் "எனிதிங் ஃப்ரம் யுவர் சைட்?"னு கேட்பார். போன வாரம் ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்து முடிச்ச வேலை உங்க கையில இருக்கும். மைக்கை அன்மியூட் பண்ணி "நத்திங் ஃப்ரம் மை சைட்"னு சொல்லிட்டு மறுபடியும் மியூட். ரெண்டு வாரம் கழிச்சு அதே வேலையை டீம்ல வேற ஒருத்தர் அழகா ரெண்டு ஸ்லைடு போட்டுச் சொல்வார். அப்ரைசல் நேரத்துல மேனேஜர் ஞாபகத்துல யார் பேர் இருக்கும்? அவர் கெட்டவர் இல்லைங்க. 12 பேர் செஞ்ச வேலையை ஞாபகம் வச்சுக்கணும், காதுல விழுந்ததுதான் ஞாபகத்துல நிக்குது.

உங்க நடுக்கம் நீங்க நினைக்கிற அளவுக்கு வெளிய தெரியாது

பேச எழுந்ததும் இதயம் அடிக்கிற சத்தம் முன் வரிசைக்கே கேட்குதோன்னு தோணும். முகம் சிவந்திருக்கும், குரல் உடையுது, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைப்போம். அந்த நினைப்பே பயத்தை இன்னும் ரெண்டு மடங்கு ஆக்கும்.

அமெரிக்காவைச் சேர்ந்த கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச்னு ரெண்டு உளவியலாளர்கள் 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாணவர்களைப் பேச வைக்கிறதுக்கு முன்னாடி மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லலை. இன்னொரு குழுவுக்கு, பதட்டம் சகஜம், கவலைப்படாதேன்னு ஆறுதல் சொன்னாங்க. மூணாவது குழுவுக்கு மட்டும் ஒரு தகவல் சொன்னாங்க: உங்க உள்ளுக்குள்ள இருக்கிற பதட்டம் நீங்க நினைக்கிற அளவுக்கு மத்தவங்களுக்குத் தெரியறதில்லை, ஆராய்ச்சியில பார்த்த உண்மை இது. அந்த மூணாவது குழுதான் நல்லாப் பேசுச்சு. பேசினவங்களுக்கு மட்டும் அப்படித் தோணலை, கேட்டவங்களும் அவங்களுக்குத்தான் கூட மார்க் போட்டாங்க.

எனக்கு இதுல பிடிச்சது நடு குழுவோட விஷயம். "பயப்படாதே"ன்னு சொன்னது பெருசா உதவலை. வீட்லயும் ஆபீஸ்லயும் நமக்குக் கிடைக்கிற அறிவுரை முழுக்க அந்த ரகம்தானே! பயத்தை நிறுத்தச் சொன்னா நிக்காது. அது வெளிய தெரியலைன்னு தெரிஞ்சா மனசு கொஞ்சம் இளகும். இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். அடுத்த ஆன்லைன் மீட்டிங்ல பேசும்போது, அனுமதி இருந்தா ரெக்கார்டிங் எடுத்து, மறுநாள் போட்டுப் பாருங்க. உள்ளுக்குள்ள புயல் அடிச்ச அந்த 2 நிமிஷம் வெளியில சாதாரணமா இருக்கும். என்ன, கொஞ்சம் வேகமா பேசியிருப்பீங்க, அவ்வளவுதான்.

2014-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வும் இதுக்குப் பக்கத்துல வர்றதுதான். பேசப் போறதுக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டவங்களை விட, "நான் உற்சாகமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க நல்லாப் பேசினாங்க. காரணம் புரிஞ்சுக்கக் கூடியதுதான். பதட்டத்துலயும் இதயம் வேகமாத்தான் அடிக்கும், உற்சாகத்துலயும் அப்படித்தான். ஓடிக்கிட்டு இருக்கிற வண்டியை சடன் பிரேக் போட்டு நிறுத்தறதை விட ஸ்டீயரிங்கைத் திருப்பறது சுலபம்.

இன்னொன்னு. "மனுஷனுக்கு சாவை விட மேடைப் பயம்தான் பெருசு"ன்னு எல்லா மோட்டிவேஷன் வீடியோவுலயும் வரும். 1973-ல அமெரிக்காவுல எடுத்த ஒரு சர்வே அதுக்கு மூலம். எது எதுக்கெல்லாம் பயம்னு கேட்டப்போ, கூட்டத்து முன்னாடி பேசறதை 41 சதவீதம் பேரும் சாவை 19 சதவீதம் பேரும் சொன்னாங்க. மேடைப் பயம் உள்ளவங்க எண்ணிக்கை அதிகம்னுதான் அதுக்கு அர்த்தம். 2012-ல மாணவர்கள்கிட்ட திரும்பக் கேட்டுப் பார்த்தாங்க. பயங்கள்லயே பெருசு எதுன்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் சாவுதான் முதலிடம். இதைக் கண்டுபிடிச்சது ஒமாஹாவுல இருக்கிற நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள். பஃபெட் ராத்திரி வகுப்பு எடுத்தாரே, அந்த ஒமாஹா யுனிவர்சிட்டிதான் 1968-ல பேர் மாறி இப்படி ஆச்சு!

40,000 ரூபாய் கோர்ஸ் வேணுமா?

இந்தப் பக்கத்துல வந்துட்டுப் பணத்தைப் பத்திப் பேசாம போக முடியாது. இன்ஸ்டாகிராமைத் திறந்தா "21 நாளில் மேடைப் பேச்சாளர் ஆகுங்கள்"னு விளம்பரம். ஒரு இலவச வெபினார், அதோட கடைசியில "இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் மட்டும் ஆஃபர்", கையோட நோ காஸ்ட் ஈஎம்ஐ. கட்டணம் 40,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அதே 40,000 வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தா 15 வருஷத்துல சுமார் 2.19 லட்சம். கோர்ஸே தப்புன்னு சொல்லலை. பஃபெட்டே காசு கொடுத்துத்தான் சேர்ந்தார். ஆனா ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் கோர்ஸ்ல நான், உயிரோட இருக்கிற மனுஷங்க முன்னாடி, எத்தனை தடவை எழுந்து நின்னு பேசுவேன்? ரெக்கார்ட் பண்ணின 60 வீடியோ, பிடிஎஃப், வாட்ஸ்அப் குரூப், இதெல்லாம் பேச்சுப் பயிற்சி ஆகாது. நீச்சலை வீடியோவுல கத்துக்கிற மாதிரிதான்.

"தகவல் பரிமாற்றத்துல 93 சதவீதம் பாடி லாங்குவேஜும் குரலும், வார்த்தை வெறும் 7 சதவீதம்"னு ஒருத்தர் ஸ்லைடு போட்டா கொஞ்சம் உஷாராகுங்க. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல செஞ்ச ஆய்வுகள்ல இருந்து வந்த எண் அது. ஒருத்தருக்கு நம்மைப் பிடிச்சிருக்கா இல்லையாங்கிற உணர்வை, ஒத்தை வார்த்தையை வெவ்வேறு தொனியில சொல்லி அளந்த சோதனை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு மெஹ்ராபியனே சொல்லியிருக்கார். வார்த்தை 7 சதவீதம்தான்னா சப்டைட்டில் இல்லாம கொரியன் சீரியல் பார்த்து 93 சதவீதம் புரிஞ்சுக்கணுமே!

செலவு கம்மியான வழி இருக்கு. டோஸ்ட்மாஸ்டர்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1924-ல கலிஃபோர்னியாவுல சாண்டா அனா நகரத்துல ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பிச்சது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. சென்னை, கோவை மாதிரி ஊர்கள்ல கிளப்கள் இருக்கு, பெரிய ஐடி கம்பெனிகள் பலதுக்குள்ளயே தனி கிளப் நடக்குது, தமிழ்லயே நடக்கிற கிளப்களும் உண்டு. சந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. இப்போதைய தொகையை அவங்க வெப்சைட்ல பார்த்துக்கோங்க. விளம்பரத்துல வர்ற கோர்ஸ்களோட ஒப்பிட்டா சின்னத் தொகைதான். பெரும்பாலான கிளப்கள்ல விருந்தினரா போய் உட்கார்ந்து பார்க்கக் காசு கிடையாது.

அங்க நடக்கிற முறை எனக்குப் பிடிக்கும். பயிற்சியாளர்னு தனியா ஒருத்தர் கிடையாது. உங்களை மாதிரியே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்கதான் ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கிறாங்க. முதல் பேச்சு உங்களைப் பத்தி, 4 முதல் 6 நிமிஷம். டேபிள் டாபிக்ஸ்னு ஒரு பகுதி உண்டு. அப்பவே தலைப்பு கொடுப்பாங்க, யோசிக்க நேரம் கிடையாது, 1 முதல் 2 நிமிஷம் பேசணும். ஒருத்தர் கையில பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையோட நேரத்தைப் பார்த்துக்குவார். இன்னொருத்தர் நீங்க எத்தனை தடவை "ஆ...", "அதாவது..."ன்னு இழுத்தீங்கன்னு எண்ணிச் சொல்வார். முதல் தடவை அந்த எண்ணிக்கையைக் கேட்டா தூக்கி வாரிப் போடும். மூணாவது மீட்டிங்ல நீங்களே வாயை மூடி ஒரு நொடி நிறுத்த ஆரம்பிச்சுடுவீங்க. ஒரு விஷயம் கவனிங்க: சில கிளப்கள்ல கைதட்டல் அதிகம், கறாரான திருத்தம் கம்மி. ரெண்டு மூணு கிளப்புக்கு விருந்தினரா போய்ப் பார்த்துட்டு, எங்க மதிப்பீடு நேர்மையா இருக்கோ அங்க சேருங்க.

கிளப்பே வேண்டாம்னாலும் ஆபீஸ்லயே ராத்திரி வகுப்பு கிடைக்கும். புதுசா சேர்ந்த பசங்களுக்கு கேடி செஷன் எடுக்க யாரும் முன்வர மாட்டாங்க, நீங்க கையைத் தூக்குங்க. உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம், தெரியாத ஆட்கள், மார்க் போட யாரும் இல்லை. பயப்படறவங்களுக்கு இதை விட நல்ல மேடை கிடையாது. டீம்ல யாராவது வேலையை விட்டுப் போகும்போது ஃபேர்வெல்ல கேக் வெட்டினதும் "யாராவது ரெண்டு வார்த்தை"ன்னு கேட்பாங்களே, எல்லாரும் தரையைப் பார்ப்பாங்க. அந்த ரெண்டு வார்த்தை உங்களோடதா இருக்கட்டும். அவரோட நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லி நன்றி சொன்னா போதும், 1 நிமிஷம் முடிஞ்சுது. அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம், தங்கச்சி வளைகாப்புல வந்தவங்களுக்கு நன்றி சொல்றது, இதெல்லாமும் கணக்குல சேரும்.

எதைப் பத்திப் பேசறதுன்னு தெரியலைன்னா டேல் கார்னகி கத்துக்கிட்ட பாடத்தை எடுத்துக்கோங்க. 1912-ல நியூயார்க் ஒய்எம்சிஏ-ல வகுப்பு ஆரம்பிச்சவர் அவர். சொல்லிக் கொடுக்கக் கையில இருந்த சரக்கு தீர்ந்துபோனதும், உங்களுக்குக் கோபம் வந்த விஷயத்தைப் பத்திப் பேசுங்கன்னு மாணவர்கள்கிட்ட சொன்னாராம். அதுவரைக்கும் பயந்து நின்னவங்க பயத்தை மறந்து பேசினாங்களாம். ஓலா டிரைவர் ரைடை கேன்சல் பண்ணின கதையை நீங்க நண்பர்கள்கிட்ட எப்படிச் சொல்றீங்க? அதுல ஒரு "ஆ..." கூட வராது.

3 நிமிஷத்துல எதைச் சொல்றது

தைரியம் வந்தாலும் சரக்கு ஒழுங்கா இல்லைன்னா கேட்கிறவங்க ஃபோனை எடுத்துடுவாங்க. நம்மள்ல பெரும்பாலானவங்க செய்யற தப்பு, வேலை நடந்த வரிசையிலேயே கதையைச் சொல்றது. "முதல்ல டேட்டா எடுத்தோம், அதுல ஒரு இஷ்யூ வந்துச்சு, வெண்டருக்கு மெயில் போட்டோம், அவங்க ரிப்ளை பண்ணலை, அப்புறம் ஃபாலோ அப்..." இப்படியே 2 நிமிஷம் போயிடும். மேனேஜருக்கு வேண்டியது முடிவு. அது கடைசியில வரும், அதுக்குள்ள அவர் வேற மெயில் படிச்சுக்கிட்டு இருப்பார்.

இப்படி மாத்திப் பாருங்க: "மாசக் கடைசி ரிப்போர்ட் எடுக்க நமக்கு 2 நாள் ஆகிக்கிட்டு இருந்தது. இந்த மாசம் 3 மணி நேரத்துல முடிஞ்சுது. நாலு பிராஞ்ச்ல இருந்து நாலு விதமா எக்செல் வந்துக்கிட்டு இருந்ததுதான் பிரச்சனை. எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட் கொடுத்து, சேர்க்கிற வேலைக்கு ஒரு மேக்ரோ எழுதிட்டேன். மிச்ச பிராஞ்சுக்கும் இதைக் கொண்டு போக உங்க மெயில் ஒண்ணு வேணும்." சொல்லிப் பாருங்க, அரை நிமிஷம்கூட ஆகாது. முடிவு முதல்ல வந்துடுச்சு, எண் இருக்கு, காரணம் இருக்கு, அவர் என்ன செய்யணும்னும் இருக்கு. செஞ்சது நீங்கன்னு தனியா தம்பட்டம் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பஃபெட் வருஷா வருஷம் ஷேர்ஹோல்டர்களுக்கு எழுதிக்கிட்டு இருந்த கடிதத்தை, தன் அக்கா டோரிஸுக்கும் தங்கச்சி பெர்ட்டிக்கும் சொல்ற மாதிரி மனசுல வச்சு எழுதினதா சொல்லியிருக்கார். புத்திசாலிகள், ஆனா அக்கவுன்டிங் ஆட்கள் இல்லை. நீங்களும் பேசறதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்ல அக்காகிட்டயோ ரூம்மேட்கிட்டயோ அந்த 3 நிமிஷத்தைச் சொல்லிப் பாருங்க. அவங்க எந்த இடத்துல "அப்படின்னா?"ன்னு கேட்கிறாங்களோ, அங்கதான் மீட்டிங்கும் தூங்கும்.

மனப்பாடம் பத்தி ஒரு வார்த்தை. முழுப் பேச்சையும் மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு வரி மறந்தா மொத்தமும் போச்சு. முதல் ரெண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். பயம் உச்சத்துல இருக்கிறது முதல் நிமிஷத்துலதான், அதைத் தாண்ட அந்த ரெண்டு வாக்கியம் போதும். நடுவுல இருக்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல நாலு சொல் எழுதி வச்சுக்கோங்க. கேள்வி கேட்டு பதில் தெரியலைன்னா உளற வேண்டாம். "இந்த எண் இப்போ என்கிட்ட இல்லை, நாளைக்கு 11 மணிக்குள்ள அனுப்பறேன்"னு சொல்லுங்க, 10:30-க்கே அனுப்பிடுங்க.

"எனக்கு இங்கிலீஷ்தான் பிரச்சனை"

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவங்க நிறைய பேருக்கு இதுதான் உண்மையான பூட்டு. ஒண்ணு சொல்றேன், கிளையண்ட் உங்க கிராமரைத் திருத்தறதுக்குச் சம்பளம் கொடுக்கலை. அவங்களுக்கு வேலை எப்போ முடியும், எவ்வளவு செலவாகும், என்ன சிக்கல்னு தெரியணும். ஒரு வாக்கியத்துல ஒரே விஷயம்னு வச்சுக்கிட்டா இங்கிலீஷ் பாதி சரியாயிடும். "விச்", "வேர் ஆஸ்"னு வால் நீட்டிக்கிட்டே போறப்போதான் தடுக்கி விழறோம். சாதாரணமா இங்கிலீஷ் பேசறவங்க நிமிஷத்துக்கு 120-ல இருந்து 150 வார்த்தை பேசுவாங்க. நம்ம ஆட்கள் பயத்துல அதை விட வேகமா ஓடுவோம். மெதுவாப் பேசினா தெரியாதவன்னு நினைச்சுடுவாங்களோன்னு ஒரு பயம். கேட்கிறவருக்கு அது நிதானமாத்தான் தெரியும்.

எண்களைச் சொல்லிப் பழகிக்கோங்க, இது யாரும் சொல்லித் தராத விஷயம். அமெரிக்க கிளையண்ட்கிட்ட லட்சம், கோடி எடுபடாது. 10 லட்சம் அவங்களுக்கு 1 மில்லியன், 1 கோடி 10 மில்லியன். மீட்டிங்ல மனசுக்குள்ள கணக்குப் போட்டு மாத்தும்போதுதான் நிறைய பேருக்கு நாக்கு குழறுது. உங்க ஸ்லைடுல இருக்கிற எண்களை முன்னாடியே மில்லியன்ல எழுதி வச்சு, வாய்விட்டு அஞ்சு தடவை படிச்சுட்டுப் போங்க. டீம் மீட்டிங்ல தமிழ் ஆட்களே இருந்தா தமிழ்லயே தெளிவாச் சொல்லுங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்லை.

சம்பளம் கேட்கிற பேச்சு

மேடை வேற, மேனேஜர் ரூம் வேறன்னு நினைக்கலாம். ஒரே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிற மேடை அது, அவ்வளவுதான். நிறைய கம்பெனிகள்ல ஏப்ரலை ஒட்டி அப்ரைசல் வரும். அந்த ஒரு 20 நிமிஷப் பேச்சுக்கு நாம பண்ற தயாரிப்பு, ஒரு டிரஸ் எடுக்கப் பண்ற யோசனையில பாதிகூட இருக்காது.

இப்பவே ஃபோன்ல ஒரு நோட் திறந்து, மாசத்துக்கு ரெண்டு வரி எழுதி வைங்க. என்ன செஞ்சீங்க, அதனால எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமாச்சு. "2 நாள் வேலை 3 மணி நேரம் ஆச்சு" மாதிரி. வருஷக் கடைசியில 24 வரி இருக்கும். அதுல கனமான மூணை எடுத்துக்கோங்க. ரூம்ல போய் உட்கார்ந்ததும் வீட்டு வாடகை ஏறிடுச்சு, தங்கச்சி கல்யாணம் இருக்குன்னு ஆரம்பிக்காதீங்க. அதெல்லாம் உண்மைதான், ஆனா கம்பெனி சம்பளம் கொடுக்கிறது உங்க செலவுக்காக இல்லை. மூணு விஷயத்தையும் எண்ணோட சொல்லுங்க. "சார், இந்த வேலைகளைப் பார்க்கும்போது 15 சதவீதம் சரியா இருக்கும்னு நினைக்கிறேன்"னு ஒரு எண்ணையும் சொல்லுங்க.

சொன்னதும் நிறுத்திடுங்க. இங்கதான் பெரும்பாலானவங்க கோட்டை விடுவாங்க. எதிர்ல இருக்கிறவர் யோசிக்கிற அந்த 4, 5 நொடி மௌனம் நமக்கு 5 நிமிஷம் மாதிரி இருக்கும். தாங்க முடியாம "இல்ல சார், 10 கொடுத்தாலும் ஓகேதான்"னு நாமளே குறைச்சுடுவோம். அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே 5 சதவீதம் போச்சு! 6 லட்சம் சம்பளத்துல அது வருஷத்துக்கு 30,000 ரூபாய், அடுத்தடுத்த வருஷ இன்கிரிமென்ட் எல்லாம் அந்தக் குறைஞ்ச தொகை மேலதான் ஏறும். அதனால வீட்ல கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்க்கும்போது எண்ணைச் சொல்றதை மட்டும் பழகாதீங்க. சொல்லிட்டு, மனசுக்குள்ள ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற தண்ணி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிக்கிறதையும் சேர்த்துப் பழகிக்கோங்க.